கண்மாய்க் கரை பிடித்து: புதுக்கோட்டைச் சீமையில் எம்டிபி நாட்குறிப்பு

கிளம்பும் முன்

நார்த்தாமலை, சித்தன்னவாசல், கொடும்பாளூர், குடுமியான்மலை, திருமயம். பழங்கோயில்களுக்காகப் பார்க்க வேண்டிய இந்த எல்லா ஊருக்கும் தார்ச்சாலை இருக்கிறது, பேருந்தும் போகிறது. ஆனால் எம்டிபி, அதாவது கரடுமுரடான தடத்தில் ஓட்டும் மலைச் சைக்கிள், வைத்திருப்பவர் அந்தச் சாலையையே பிடித்துக்கொண்டு போனால் இந்த மண்ணில் பாதி கண்ணில் படாது. கண்மாய்க் கரைகளும், வாய்க்கால் ஓரத்து வண்டித்தடங்களும் சேர்ந்து இங்கே ஒரு பாதை வலையே இருக்கிறது. ஊருக்கு ஊர் நிழலோடும் தண்ணீரோடும் கூட்டிப்போகும்.

அந்த வலையைப் படிக்க ஒரு விதி போதும். இந்த மாவட்டத்தின் தரை மேற்கிலிருந்து கிழக்கே, சற்றுத் தென்கிழக்காக, கடலை நோக்கிச் சரிகிறது. ஓடிவரும் மழைநீரைக் குறுக்கே மறித்துத்தான் கண்மாய் கட்டியிருக்கிறார்கள். அதனால் கரைகளில் பெரும்பாலானவை வடக்கு தெற்காக, பிறை வடிவில் கிடக்கின்றன. மேல்கண்மாய் நிரம்பினால் கலிங்கு வழியே வழிந்து கீழ்க்கண்மாய்க்குப் போகும். அந்த வாய்க்கால்கள் மேற்கு கிழக்காக ஓடுகின்றன. வடக்கு தெற்காகப் போக வேண்டுமானால் கரையைப் பிடியுங்கள். மேற்கு கிழக்காகப் போக வேண்டுமானால் வாய்க்கால் தடத்தைப் பிடியுங்கள். செயற்கைக்கோள் படத்தில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: ஒரு பக்கம் நீர் அல்லது பழுப்புத் தரை, மறுபக்கம் பச்சை வயல், நடுவில் வளைந்த கோடு. முந்தின நாள் இரவே அந்தக் கோடுகளை இணைத்து ஜிபிஎஸ் தடமாகப் போட்டு, படத்தை போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கரையோரங்களில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும்.

காலம் ஜனவரி பாதி முதல் மார்ச் தொடக்கம் வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கரை காய்ந்து, கண்மாயில் தண்ணீர் மட்டும் நிற்கும் நாட்கள் அவை. மழைக்காலத்தில் செம்புராங்கல் சரளைத் தடத்தில் பிரச்சினை இல்லை, தண்ணீர் உடனே வடிந்துவிடும். கண்மாய்க் களிமண்தான் வில்லங்கம். டயருக்கும் பிரேமுக்கும் நடுவே அப்பி, பத்தடிக்குள் சக்கரம் நின்றுவிடும். ஈரக் கரையில் சைக்கிள் விட்டால் தடம் பள்ளமாகி, அடுத்த மழையில் அந்தப் பள்ளத்தில் நீர் ஓடிக் கரையை அரிக்கும். கரை அந்த ஊரின் சோறு. ஈரமாக இருந்தால் சாலைக்குத் திரும்பிவிடுங்கள்.

இனி வண்டி. முன் சஸ்பென்ஷன் மட்டும் உள்ள ஹார்டுடெயில் தாராளமாகப் போதும். 100 மில்லிமீட்டர் அசைவு இருந்தால் சரி. டயர் 29 × 2.25. ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: டியூப்லெஸ் ஆக்காமல் இந்தப் பக்கம் வராதீர்கள். சீமைக்கருவேல முள் இங்கே எல்லாக் கரையிலும் கிடக்கிறது. விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் வெட்டி இழுத்துப்போகும்போது உதிர்ந்தவை, வேலிக்கு அடைத்து நைந்தவை. போதாததற்கு நெருஞ்சி. டியூப் போட்ட சக்கரம் ஒரு காலைப்பொழுதுகூடத் தாங்காது.

சீலன்ட் (டயருக்குள் ஊற்றினால் துளையைத் தானே அடைக்கும் திரவம்) அளவு ஒரு சக்கரத்துக்கு 120 மில்லி. வழக்கமாகச் சொல்லும் 100 மில்லியைவிடக் கூடுதல்தான். முள் அதிகம் என்பதால் வேண்டியிருக்கிறது. லேட்டக்ஸ் சீலன்ட் நம் வெயிலில் சீக்கிரம் உலர்ந்துவிடும். மூன்று மாதத்துக்கு முன் ஊற்றியதை நம்ப வேண்டாம். சக்கரத்தைக் காதருகே வைத்து ஆட்டுங்கள்; தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை என்றால் வால்வு கோரை (வால்வுக்குள் திருகியிருக்கும் உள்பாகம்) கழற்றி 60 மில்லி ஊற்றுங்கள். 70 கிலோ எடையும் 5 கிலோ பையும் என்றால் காற்று முன்னால் 23, பின்னால் 26 பி.எஸ்.ஐ. அதைக் காலை நிழலில் அளக்க வேண்டும். வெயிலில் நின்ற வண்டியில் அழுத்தம் ஏறியிருக்கும். அப்போது பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலையில் டயர் தொய்ந்து கிடக்கும்.

பையில்: பிளக் செட் (டயர்த் துளையில் செருகி அடைக்கும் ரப்பர்த் துண்டுகள்), வால்வு கோர் இரண்டு, கைப்பம்பு, பிரெஸ்டா என்ற மெல்லிய வால்வுக்கான பித்தளை அடாப்டர், 29 அங்குல டியூப் ஒன்று, கூர்மூக்குக் குறடு, செயின் இணைப்பான், உங்கள் பிரேமுக்கே உரிய டெரெய்லர் ஹேங்கர் (பின்பக்க கியர் மாற்றியான டெரெய்லரைப் பிரேமோடு பிடித்திருக்கும் துண்டு). இந்த ஹேங்கர் மாடலுக்கு மாடல் மாறும். வேறு எதையும் வழியில் கடன் வாங்கலாம், இதை வாங்க முடியாது. கிராமத்துப் பஞ்சர் கடையில் காற்று கிடைக்கும், ஆனால் அடாப்டர் இல்லாமல் பிரெஸ்டா வால்வில் ஏறாது. 29 அங்குல டியூப் கிடைக்காவிட்டால் 26 அங்குல டியூபை இழுத்துப் போட்டு ஊர் வந்து சேரலாம். தடித்த வால்வு டியூப் மட்டும் பிரெஸ்டாவுக்குத் துளைத்த ரிம்மில் நுழையாது என்பதைக் கடைக்குப் போகும் முன்பே நினைவில் வையுங்கள்.

தண்ணீர் முதுகுப்பையில் 3 லிட்டர், பாட்டில்களில் 1.5 லிட்டர். ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் பொட்டலம் நாளுக்கு இரண்டு.

முதல் நாள்: கீரனூர் – நார்த்தாமலை – புதுக்கோட்டை (சுமார் 35 கி.மீ.)

திருச்சி – காரைக்குடி ரயில் பாதையில் கீரனூர், நார்த்தாமலை, புதுக்கோட்டை, திருமயம் நான்குமே நிலையங்கள். இந்தப் பயணத்தைக் கீரனூரில் தொடங்கித் திருமயத்தில் முடிப்பதற்கு அதுவே காரணம். இரண்டு சக்கரத்தையும் கழற்றிப் பையில் போட்டால் இடம் அடைக்காது. சக்கரம் இல்லாத நேரத்தில் டிஸ்க் பிரேக் லிவரை அழுத்திவிடாமல் இருக்க, பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டை ஒன்றைச் செருகி வையுங்கள். ஹைட்ராலிக் பிரேக்கில் பிஸ்டன் வெளியே வந்துவிட்டால் நிலையத்திலேயே அரை மணி நேரம் போய்விடும்.

கீரனூரிலிருந்து நார்த்தாமலை தெற்கே இருக்கிறது. ஆக இன்று முழுக்கக் கரை ஓட்டம். ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால் பதினொரு மணிக்குள் மலையடிக்கு வந்து நிழல் பிடித்துவிடலாம்.

கரையில் டிராக்டர் போன இரட்டைத் தடம் இருக்கும். அதில் வயல் பக்கத் தடம்தான் பெரும்பாலும் சுத்தம். நீர்ப்பக்கச் சரிவில் கருவேலம் அடர்ந்து முள் தடத்துக்கு வந்துவிடும். பச்சையாக வெட்டிப் போட்ட கிளை குறுக்கே கிடந்தால் ஏற்றிக் கடக்காதீர்கள், வண்டியைத் தூக்கிக் கடவுங்கள். அங்கே தைப்பது ஒரு முள்ளாக இருக்காது, இருபதாக இருக்கும். பக்கவாட்டில் தைத்ததைச் சீலன்ட் அடைக்காது.

முள் தைத்தால் செய்ய வேண்டியது இது. ஓட்டும்போது சீறல் கேட்டால் இறங்கி, முள்ளைப் பிடுங்கி, துளை தரையைப் பார்க்கும்படி சக்கரத்தைத் திருப்பி அரை நிமிடம் நிறுத்துங்கள். சீலன்ட் அங்கே வந்து தேங்கி அடைத்துக்கொள்ளும். அடைக்காவிட்டால் பிளக். சீறல் இல்லாமல் முள்ளின் தலை மட்டும் தெரிந்தால் அப்படியே விடுங்கள். அந்த முள்ளே அடைப்பாக இருக்கிறது. ராத்திரி தங்குமிடத்தில் குறடால் பிடுங்கிக்கொள்ளலாம்.

டியூப்லெஸ் கைவிட்டு டியூப் போட நேர்ந்தால் பலரும் தோற்பது இந்த இடத்தில்தான். அதுவரை டயர் விழுங்கி வைத்திருந்த ஒவ்வொரு முள்நுனியும் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அப்படியே டியூபைப் போட்டுக் காற்றடித்தால் அங்கேயே பஞ்சர். டயரை வெளியே எடுத்து, பழந்துணியால் உள்சுவரைச் சுற்றித் துடையுங்கள். துணி மாட்டும் இடமெல்லாம் முள். விரலால் தடவாதீர்கள், கருவேல முள் விரலில் ஒடிந்தால் வீங்கிக்கொள்ளும்.

கலிங்கைக் கடக்கும்போது எப்போதும் இறங்கியே போகவும். நீர் வழிந்து நின்ற கல்லில் பாசி காய்ந்ததுபோலத் தெரியும், காய்ந்திருக்காது. வயலுக்கு நடுவே வரப்பில் சைக்கிள் ஏற்றவே கூடாது. ஒரு முறை இடிந்தால் மடைநீர் அடுத்த வயலுக்குப் போய்விடும்.

வழியில் கண்மாய்க்குள் இரண்டு கல்தூண்கள் குறுக்குச் சட்டத்தோடு நிற்பதைப் பார்த்தால் நின்று பாருங்கள். குமிழித் தூம்பு அது. தூண்களுக்குக் கீழே தரைமட்டத்தில் தொட்டி. மேலே நீரோடித் துளை, அடியில் சேறோடித் துளை. அடைகல்லைத் தூக்கினால் நீர் சுரங்கம் வழியே கரைக்கு அந்தப் பக்கம் பாயும். அடியில் உள்ள துளை வழியே வண்டலும் கொஞ்சம் கொஞ்சமாக வயலுக்குப் போகும். நீரையும் பாய்ச்சி, கண்மாயையும் தூர்ந்துபோகாமல் காத்த ஏற்பாடு. இந்தச் சீமையின் தூம்புத் தூண்களில் சிலவற்றில் கல்வெட்டும் உண்டு. கோயிலுக்குத் தரும் மரியாதையை இவற்றுக்கும் தர வேண்டும் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

நார்த்தாமலையில் சைக்கிளை மேலமலை அடிவாரத்தில் பூட்டிவிட்டு நடக்க வேண்டும். வெறும் கருங்கல் சரிவு. டயருக்கு அபாரமான பிடிப்பு கிடைக்கும், ஏற்றிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். ஏற்றாதீர்கள். இந்த மலைகளில் எழுத்து எங்கே வெட்டியிருக்கிறது என்பது பக்கத்தில் போகும் வரை தெரியாது. பிரேக் பிடித்துச் சறுக்கிய ரப்பர்க் கோடு பாறையில் நெடுநாள் நிற்கும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதை நினைவில் வையுங்கள்.

மேலே விஜயாலய சோழீஸ்வரம். மேற்கு பார்த்த கற்றளி, அதாவது கல்லால் கட்டிய கோயில். வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். சுற்றிலும் சிறு பரிவாரக் கோயில்கள், அவற்றில் ஆறு இன்னும் நிற்கின்றன. சோழன் பெயரைத் தாங்கினாலும் கல்வெட்டு வேறு கதை சொல்கிறது: சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் எடுத்த கற்றளி மழையில் இடிந்தபோது, மல்லன் விடுமன் என்ற தென்னவன் தமிழதிரையன் அதைப் புதுக்கினான். எதிரே பாறையில் இரண்டு குடைவரைகள். ஒன்று பழியிலி ஈஸ்வரம். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 7ஆம் ஆட்சியாண்டில் சாத்தன் பழியிலி குடைவித்தது. மற்றதில் சுவரோடு சுவராக ஆளுயரத் திருமால் உருவங்கள் பன்னிரண்டு வரிசையாக நிற்கின்றன. சாயங்கால வெயில் நேராகக் கோயில் முகத்தில் விழும். நடுப்பகலைக் கீழே கழித்துவிட்டு மூன்றரை மணிக்கு மேல் ஏறுவது நல்லது. பகலில் பாறை செருப்பையும் மீறிச் சுடும்.

இறங்கியபின் புதுக்கோட்டைக்குச் சுமார் 18 கிலோமீட்டர். இருட்டினால் கரை வேண்டாம். முள்ளும் பாம்பும் விளக்கொளியில் தெரியாது. நெடுஞ்சாலையின் ஓரத்தில், பின்விளக்கு எரிய, வரிசையாகப் போங்கள். நம்பி அறை எடுக்க ஏற்ற ஊர் புதுக்கோட்டைதான்.

இரண்டாம் நாள்: புதுக்கோட்டை – சித்தன்னவாசல் – இலுப்பூர் – விராலிமலை (சுமார் 50 கி.மீ.)

இன்று வடமேற்காக, சரிவுக்கு எதிராக ஏறுகிறோம். ஏற்றம் என்று உடம்புக்குத் தெரியாது. ஆனால் நாள் முழுக்க ஒரு கியர் குறைவாகவே ஓடும். கரை உதவாது, வாய்க்கால் தடம்தான். கீழ்க்கண்மாயின் கரையில் வந்து, அதன் வரத்து வாய்க்காலைத் தேடி, அதன் ஓரமாகவே மேல்கண்மாயின் கலிங்குக்குப் போய்ச் சேருவது முறை. ஒவ்வொரு கண்மாயாக இப்படி ஏறலாம்.

தைலமரக் காடுகளும் முந்திரித் தோப்புகளும் ஊடே வரும். அங்கே தரை செம்புராங்கல் சரளை. கேழ்வரகைத் தரையில் கொட்டி அதன்மேல் நடப்பதுபோல் டயர் உருளும். விழுவது பெரும்பாலும் திருப்பத்தில், அதுவும் முன்பிரேக்கைத் தொட்டதால். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். உள்ளே நுழைந்தபின் இரண்டு பிரேக்கிலிருந்தும் விரலை எடுங்கள். வெளிப்பக்க பெடலைக் கீழே இறக்கி அதன்மேல் எடையைப் போடுங்கள். திருப்பம் முடியும் இடத்தைப் பாருங்கள், சக்கரத்துக்கு முன்னால் உள்ள சரளையைப் பார்க்காதீர்கள். இதற்கு மேலும் வழுக்கினால் இரண்டு பி.எஸ்.ஐ. இறக்கலாம். 20க்குக் கீழே போனால் கருங்கல் விளிம்பில் ரிம் அடிவாங்கும்.

தைலமரத்தடியில் சருகுக்குள் குச்சி மறைந்திருக்கும். அது டெரெய்லரில் மாட்டினால் முதலில் ஒரு கிறீச்சொலி வரும். அந்தக் கணமே மிதிப்பதை நிறுத்துங்கள். இன்னொரு மிதி மிதித்தால் ஹேங்கர் வளையும், மேலும் மிதித்தால் டெரெய்லர் ஆரக்காலுக்குள் போகும். இங்கே நாங்கள் பார்த்த பெரிய உடைப்புகள் எல்லாம் அந்த இரண்டாவது மிதியால் வந்தவைதான்.

சித்தன்னவாசலுக்கு ஒன்பது மணி வாக்கில் வந்துவிடலாம். அங்குள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயில் சின்னது. ஓவியம் இருப்பது மேலே, விதானத்திலும் தூண் தலைப்பிலும். வெளியே வெயிலில் வந்த கண்ணுக்கு முதலில் ஒன்றும் புலப்படாது. ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். தாமரைக் குளம் மெல்ல எழுந்து வரும்: மொட்டு, மலர், மீன், அன்னம், யானை, பூப்பறிக்கும் மனிதர். தூண்களில் ஆடுமகளிர், அரசனும் அரசியும். மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் திருப்பணி செய்ததைச் சொல்லும் கல்வெட்டு பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தது, அதாவது 9ஆம் நூற்றாண்டு. வண்ணம் உதிர்ந்தது போக மீதிதான் இப்போது இருக்கிறது. சுவரில் கை, பை, முதுகு எதுவும் படக் கூடாது. வியர்வையோடு உள்ளே போகும் சைக்கிள்காரர்கள் துண்டால் துடைத்துக்கொண்டு போங்கள்.

ஏழடிப்பட்டம் என்ற குகை அதே குன்றில் வேறு பக்கம், நடைபாதை ஏறிக் கடந்து போக வேண்டும். அடியில் இரும்புக் கிளிட் (பெடலில் மாட்டும் கொக்கி) வைத்த காலணி வழுக்கும். சாதாரண ரப்பர் அடி வேண்டும். குகைக்குள் வழுவழுப்பாகத் தேய்த்த கல்படுக்கைகள் பதினேழு, தலைமாட்டில் உயர்த்திய தலையணையோடு. பெரிய படுக்கையின் ஓரத்தில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்து. அறிவர் கோயிலுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது.

குன்றைச் சுற்றியுள்ள தரையில் பெருங்கற்காலக் கல்வட்டங்கள் கிடக்கின்றன. செம்புராங்கல் பலகைகள் வட்டமாகப் பாதி புதைந்திருக்கும். புதரோரம் சாதாரணக் கல் மாதிரித்தான் தெரியும். தாவிக் குதிக்க வசதியான மேடுகள் என்று சிலர் அதன்மேல் ஏற்றுவதைப் பார்க்கிறோம். ஈமக்காடு அது. தடத்தைவிட்டு விலகாதீர்கள்.

அன்னவாசலில் சாப்பாடு, மூன்று மணி வரை ஓய்வு. பிறகு இலுப்பூர் வழியே விராலிமலை. அறுவடை நாட்களில் சிறு சாலைகளில் உளுந்தும் நெல்லும் காயப்போட்டிருப்பார்கள். பாதிச் சாலையை விட்டிருப்பார்கள், அந்தப் பாதியில் போங்கள். தை, மாசியில் மாலை நேரங்களில் சல்லிக்கட்டுக் காளைகளைக் கயிற்றோடு நடத்திவருவார்கள். மணியடிக்காமல் ஓரமாக இறங்கி, வண்டியை உங்களுக்கும் காளைக்கும் நடுவில் பிடித்து நில்லுங்கள். விராலிமலையை நெருங்கும்போது மயில்கள். அவை கடைசி நொடியில் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. தோகையுள்ளது ஒன்று கடந்தால் பின்னால் இன்னும் இரண்டு வரும், காத்திருங்கள்.

மூன்றாம் நாள்: விராலிமலை – கொடும்பாளூர் – குடுமியான்மலை – புதுக்கோட்டை (சுமார் 60 கி.மீ.)

விடியும் முன் விராலிமலையிலிருந்து கொடும்பாளூர். திருச்சி – மதுரை நெடுஞ்சாலைப் பகுதி இந்தப் பயணத்திலேயே ஆபத்தானது. நாலுவழிச் சாலையில் எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனங்களுக்கு விளக்கு இருக்காது. முடிந்தவரை ஊர்ச்சாலை, முடியாத இடத்தில் பிரகாசமான சட்டை.

கொடும்பாளூரைச் சிலப்பதிகாரம் அறியும். உறையூரிலிருந்து மதுரைக்குப் போகும் வழியைச் சொல்லும் இடத்தில், கொடும்பையின் நெடிய குளக்கரையை அடைந்தால் அங்கே பாதை சூலம்போல் மூன்றாகப் பிரியும் என்று வருகிறது. அன்றைக்கும் வழிப்போக்கருக்கு அடையாளம் சொன்னது குளம்தான். கண்மாயைப் பிடித்து வழி கண்டுபிடிப்பது நாங்கள் செய்த புதுமை இல்லை.

மூவர் கோயிலில் இப்போது இரண்டு விமானங்களே முழுசாக நிற்கின்றன. வடக்கிலுள்ள மூன்றாவதுக்கு அடித்தளம் மட்டும். கொடும்பாளூரை ஆண்ட இருக்குவேள் பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும், கற்றளி, வரகுணை என்ற தன் தேவியர் இருவர் பெயரிலும் எடுத்தவை. நடு விமானத்துச் சுவரில் இருக்குவேளிர் வம்சாவளி கிரந்த எழுத்தில் இருக்கிறது. சுற்றிலும் இடிந்த பரிவாரக் கோயில்களின் அடித்தளத்தைச் சுற்றி நடந்தால்தான் இது எவ்வளவு பெரிய வளாகமாக இருந்தது என்று தெரியும். விமானங்களைப் பார்க்க ஏற்றது காலைச் சாய்வெயில்; கோட்டத்துச் சிற்பங்களின் நெளிவு அப்போதுதான் துலங்கும். பக்கத்திலேயே முசுகுந்தேஸ்வரர் கோயில்.

இனி திரும்பும் வழி, கிழக்காக, சரிவோடு. நேற்று ஏறிய அதே தர்க்கம் தலைகீழாக: கலிங்கிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கண்மாய். மூன்றாம் நாளில் வண்டி புகார் சொல்லத் தொடங்கும். சிவப்புத் தூசிதான் காரணம். எண்ணெய்ப் பசையான செயின் லூபில் (மசகில்) இந்தத் தூசி கலந்தால் அரைக்கும் பசையாகி, செயினையும் கேசட்டையும் (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கு) தின்னும். மெழுகு லூப் போடுங்கள். நடுப்பகல் ஓய்வில் காய்ந்த துணியால் செயினைத் துடைத்து, ஒவ்வொரு உருளையிலும் ஒரு சொட்டு விட்டு, காய்ந்தபின் ஓட்டுங்கள். தண்ணீர் பீய்ச்சிக் கழுவாதீர்கள்; தூசி பேரிங்குக்குள் போகும். டிஸ்க் பிரேக் கத்தினால் ரோட்டரை (பிரேக் பிடிக்கும் தட்டு) ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தால் போதும். கத்தலுக்கு எண்ணெய் விட நினைப்பவர்கள் உண்டு. விட்டால் பேடு வீண், பிரேக்கும் பிடிக்காது.

வறண்ட ஓடைகளில் மணல் வரும். நுழையும் முன் இரண்டு கியர் இறக்கி, பின்னால் சாய்ந்து, ஹேண்டிலைத் திருப்பாமல் சீராக மிதியுங்கள். முன்சக்கரம் புதைந்தால் போராட வேண்டாம், இறங்கித் தள்ளுங்கள்.

குடுமியான்மலையில் நேரம் ஒதுக்குங்கள். இரண்டு மணி நேரமாவது வேண்டும். சிகாநாதர் கோயிலின் முன் மண்டபத்தில் நாயக்கர் காலச் சிற்பங்கள் ஒவ்வொன்றும் ஆளைப் பிடித்து நிறுத்தும். ஆனால் சைக்கிளில் இவ்வளவு தூரம் வந்ததற்கு உண்மையான காரணம் மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறை முகம். அங்கே சுமார் 13 அடிக்கு 14 அடி பரப்பில் இசைக்கல்வெட்டு இருக்கிறது, 7ஆம் நூற்றாண்டின் கிரந்த எழுத்தில். மத்யமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், கைசிகம் என ஏழு கிராம ராகங்கள் (பழைய இசைமுறையின் ராகங்கள்). ஒவ்வொன்றின் கீழும் நான்கு நான்கு சுரங்களாகக் கோத்த தொகுதிகள். வீணை பழகுகிறவருக்கான பாடம் அது. எழுதுவித்தவன் தன்னை ருத்ராசாரியரின் மாணவன் என்கிறான், கடைசியில் தமிழில் ‘எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய’ என்று ஒரு குறிப்பு. மகேந்திரவர்மன் செய்வித்தது என்று நெடுநாள் சொல்லப்பட்டது. ஆய்வாளர்கள் எல்லோரும் ஏற்கவில்லை. எழுத்துகள் ஆழமற்றவை. பக்கவாட்டு வெளிச்சம் விழும்போது பார்த்தால்தான் நான்கு நான்காகப் பிரிந்திருப்பது தெரியும்.

புதுக்கோட்டைக்கு இன்னும் 20 கிலோமீட்டர். நேரம் இருந்தால் நகர எல்லையில் திருக்கோகர்ணத்து அருங்காட்சியகம். 1910இல் சமஸ்தானக் காலத்தில் தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதைக் கணக்கில் வைத்துப் பயண நாளைத் தேர்ந்தெடுங்கள்.

நான்காம் நாள்: புதுக்கோட்டை – திருமயம் (சுமார் 25 கி.மீ.)

தெற்கே போகிறோம், மறுபடியும் கரை. புதுக்கோட்டையை விட்டதும் கவிநாட்டுக் கண்மாய். கரையின் நீளத்தை மிதித்துப் பார்த்தால்தான் அதன் பெருமை விளங்கும். அடுத்து வெள்ளாறு. வறண்டிருந்தாலும் ஆற்று மணலில் இறங்க வேண்டாம், பாலத்தில் கடவுங்கள். மணல் அள்ளிய குழிகள் மேலே மூடிக்கொண்டு கிடக்கும்.

திருமயம் கோட்டை 1687இல் ராமநாதபுரம் கிழவன் சேதுபதி கட்டியது. குன்று முழுவதையும் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக மதில்கள். உச்சியில் பீரங்கி மேடை. பாதி ஏறியதும் பக்கவாட்டில் செங்குத்துப் பாறையில் குடைந்த சிறு சிவன் சன்னதி; இரும்பு ஏணியில் ஏறிப் பார்க்க வேண்டும். கோட்டைக்கு வெளியே, அதே பாறையின் தெற்கு முகத்தில், சத்தியகிரீஸ்வரரும் சத்தியமூர்த்திப் பெருமாளும் அடுத்தடுத்துக் குடைவரைகளில். பள்ளிகொண்ட பெருமாளின் உருவம் குகையின் அகலத்தையே நிறைக்கிறது. சிவன் குடைவரைப் பக்கம் குடுமியான்மலையை ஒத்த இசைக்கல்வெட்டு ஒன்று இருந்தது. பெரும்பகுதியை அழித்து மேலே வேறு சாசனம் வெட்டிவிட்டார்கள். நேற்று முழுசாக ஒன்றைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்தச் சுவர் வலிக்கும்.

கோயில் நடை நண்பகலில் சாத்தி மாலையில்தான் திறக்கும். ஆகவே முதலில் கோயில், பிறகு கோட்டை. சைக்கிளைக் கோட்டை வாசலில் டிக்கெட் கொடுக்கும் இடத்தருகே பூட்டலாம்.

ரயில் ஏறும் முன் ஒரு வேலை. டயர் இரண்டையும் கையால் சுற்றி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முள் ஒவ்வொன்றையும் குறடால் பிடுங்கி, துளையைக் கீழே திருப்பி அடையவிட்டு, 30 பி.எஸ்.ஐ. வரை காற்றேற்றுங்கள். பையில் படுத்துக் கிடக்கும்போது சீலன்ட் பக்கச்சுவரில் தேங்கும். வீடு சேர்ந்ததும் சக்கரத்தை மாட்டிப் பத்து நிமிடம் ஓட்டினால் மறுபடி பரவிவிடும். மறுநாள் 40 மில்லி சீலன்ட் சேருங்கள், முள் குடித்ததுக்குச் சரியாகும். ஒரு நாள் கூடுதலாக இருப்பவர்கள் தொடக்கத்திலேயே கீரனூரிலிருந்து கிழக்கே குன்றாண்டார்கோயில், மலையடிப்பட்டி குடைவரைகளுக்குப் போய்வரலாம். மலையடிப்பட்டியில் ஒரே குன்றில் சிவனும் திருமாலும். சிவன் குடைவரை பல்லவ மன்னன் தந்திவர்மனின் 16ஆம் ஆட்சியாண்டில் குவாவன் சாத்தன் என்ற விடேல்விடுகு முத்தரையன் குடைவித்தது. அந்தப் பக்கம் கடைகள் குறைவு, தண்ணீரைக் கீரனூரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.